கண்டக்டருக்கு ஊட்டிய வகையில் அடைந்த பயன்கள்

தொண்டு செய்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று சொன்னார்கள். எனக்கு அதுவரை ரத்த அழுத்தமே கிடையாது. பதிவு பெற்ற தன்னார்வலர் ஆன பிறகுதான் வந்தது.

இதைப் புகாராகச் சொல்லவில்லை. புகார் சொல்வது எப்படி என்பதற்கும் அவர்கள் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். அதில் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் பிரிட்ஜ் மெக்கானிக். என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி முதியோர் காப்பகம் ஒன்று இருக்கிறது. ஆதரவு இல்லாதவர்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். அங்கே சமையல்கட்டு பிரிட்ஜில் ஐஸ் கட்டி, கதவு மூடாமல் போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். ஐஸைக் கத்தியால் குத்தக் கூடாது. குத்தினால் உள்ளே இருக்கிற குழாய் ஓட்டையாகும், அப்புறம் பிரிட்ஜுக்கே மாலை போட வேண்டியதுதான். திறந்து போட்டுவிட்டு, அதுவாக உருகும்வரை காத்திருக்கணும். நான் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

எதிர் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர். அவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டு. அவர் தட்டைப் பார்க்கிறார், தட்டு அவரைப் பார்க்கிறது. ஊட்டிவிடுகிற ஆயா வேறு யாருக்கோ துணி மாற்றப் போயிருந்தாள். பெரியவர் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். சும்மா இருக்கிறவன் நான் ஒருவன்தான், எழுந்து போனேன்.

முதல் வாயிலேயே சொதப்பிவிட்டேன். இடது பக்கமாக வைத்தேன், அவ்வளவும் மோவாயில் வழிந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சில்லறை இல்லாமல் பஸ்ஸில் ஏறினவனைப் பார்க்கிற பார்வை. பிறகுதான் ஆயா வந்து சொன்னாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் செத்துவிட்டது. வலப்பக்கமாகக் கொஞ்சமாக வைக்கணும். விழுங்கி முடித்ததும் அவரே இரண்டு தட்டு தட்டுவார், அடுத்த வாய் கொடுக்கலாம். ஒரு தட்டு தட்டினால் நிறுத்தணும். ஆள் ஆயுசெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பேசினால் வாய் குளறுகிறது என்று பேச்சை விட்டுவிட்டார், தட்டுவதை விடவில்லை. காப்பகத்தில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

அன்றைக்கு அவர் தட்டு காலியாவதற்குள் ஐஸ் மொத்தமும் உருகி, சமையல்கட்டே மிதந்தது. சமையல்காரர் என்னைத் திட்டினார், அது வேறு கதை.

மறுநாள் பிரிட்ஜ் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். ஓடியது. வந்ததுதான் வந்தோம் என்று ஒரு எட்டு கண்டக்டரைப் பார்த்தேன். அதற்கும் மறுநாள் போகக் காரணமே இல்லை, ஆனாலும் போனேன். அப்புறம் கடையைச் சாத்தினால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது.

என் வீட்டுக்காரி தையல் மெஷினிலிருந்து நிமிராமலே கேட்டாள்: "யாருங்க அந்த மனுஷன்? உங்க கூடப் பொறந்தவரா?"

"இல்ல."

"இங்க கொடியில காயற துணியை எடுக்க ஆளில்ல. இவரு ஊருக்கு ஊட்டப் போறாரு."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் போய்த் துணியை எடுத்தேன். மறுநாளும் காப்பகத்துக்குப் போனேன்.

இப்படி என் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் தன்னார்வத் தொண்டு மேம்பாட்டு மையம் வந்து சேர்ந்தது. காப்பகத்திலேயே நல்ல வெயில் வருகிற அறை ஒன்று இருந்தது. பெரியவர்கள் காலையில் அங்கே உட்கார்ந்து குளிர் காய்வார்கள். அதை மையத்தின் அலுவலகம் ஆக்கினார்கள். வெயில் அதிகமாக வருகிறது என்று ஏசி வைத்தார்கள். அந்த ஏசியை மாட்டியதும் நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அண்ணே, நில்லுங்க. இனிமே பதிவு பண்ணின தன்னார்வலர் மட்டும்தான் உள்ள போகலாமாம்."

"நான் தொண்டெல்லாம் பண்ண வரலப்பா. நாலு வாய் ஊட்டிட்டுப் போயிடறேன்."

"அதுக்குப் பேருதான் தொண்டாம்ண்ணே. எனக்கே நேத்துதான் தெரியும்."

சரி, பதிவுதானே, பண்ணிவிட்டால் போச்சு என்று உள்ளே போனேன். மையத்தின் இயக்குநரை எல்லோரும் நன்மை சார் என்றுதான் சொல்வார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட, "இதுல கொடுக்கறவருக்கு எத்தனை நன்மை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். குடிக்கிறதற்குள் தண்ணீர் சூடாகிவிடும்.

"எதுக்காகத் தொண்டு செய்ய வந்தீங்க?" என்று கேட்டார்.

"பிரிட்ஜ்ல ஐஸ் உருகற வரைக்கும் சும்மா உட்கார வேண்டியதாப் போச்சு சார்."

பேனா அப்படியே நின்றது. "மனநிறைவுன்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்கங்க."

"தொண்டால தனிமை குறையும். உங்களுக்குக் குறைஞ்சுதா?"

"வீட்ல சம்சாரம், ரெண்டு பொண்ணுங்க, வேலை தேடற மச்சான் ஒருத்தன். தனிமை கிடைச்சா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"புதுசா ஏதாவது திறமை?"

"ஸ்பூனை வலப்பக்கமா நுழைக்கக் கத்துக்கிட்டேன்."

"தலைமைப் பண்பு" என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நல்லாப் புரிஞ்சுக்கங்க. பல பேரு தொண்டுன்னா வாங்கறவருக்கான விஷயம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. வாங்கறவருக்கு என்ன கிடைக்குது? ஒரு வேளைச் சோறு. சாயந்திரத்துக்குள்ள செரிச்சுடும். கொடுக்கறவருக்குக் கிடைக்கற நிறைவு இருக்கே, அது ஆயுசுக்கும் நிக்கும். அதனால எங்க கவனம் முழுக்கக் கொடுக்கறவர் மேலதான்."

"அப்ப வாங்கறவரு சார்?"

"அவங்களும் வேணும். வேணாம்னு யாரு சொன்னா? அவங்க இல்லாம எப்படிக் கொடுக்கறது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தலையை ஆட்டினேன். ஆட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்று தோன்றியது.

விடவில்லை. முதலில் பயிற்சி, அடுத்த வாரம் காலையில் வரணும் என்றார்கள். பயிற்சி கொடுக்கிற அம்மாவுக்கு நாங்கள் வைத்த பேர் மலர்ச்சி மேடம். "முகம் மலரணும், முகம் மலரணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நுழைந்ததும் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பயிற்சி முடிந்ததும் மறுபடி பார்ப்பார்களாம், எவ்வளவு குறைந்தது என்று கணக்கெடுக்க. என்னோடு ஏதோ கம்பெனியிலிருந்து ஒரே நிறத்தில் சட்டை போட்ட ஒரு கூட்டம் வந்திருந்தது. அவர்கள் மேலதிகாரி தொண்டு செய்ய விருப்பமா என்று கேட்டாராம். விருப்பம் இல்லை என்றவர்களின் பேரைத் தனியாகக் குறித்துக்கொண்டாராம். ஆகவே எல்லோருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

எங்கள் ஒவ்வொருவருக்கும் எதிரில் ஒரு காலி நாற்காலி போட்டார்கள். கையில் காலி ஸ்பூன்.

"இந்த நாற்காலியில பெரியவர் ஒருத்தர் இருக்காருன்னு நினைச்சுக்கங்க," என்றார் மலர்ச்சி மேடம். "முதல்ல என்ன செய்வீங்க?"

"சிரிப்போம்," என்றது கம்பெனிக் கூட்டம்.

"ரொம்ப நல்லது. நீங்க?"

"முன்னாடி வச்ச வாய் உள்ள போயிடுச்சான்னு பார்ப்பேன் மேடம்," என்றேன்.

"அதெல்லாம் ரெண்டாம் கட்டப் பயிற்சியில வரும். இப்போ முகம் மலரணும்."

மலர்ந்தேன். காலி ஸ்பூனால் காலி நாற்காலிக்கு ஊட்டினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கம்பியில் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இரண்டு தட்டு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்துவிட்டேன்.

"எங்க போறீங்க?"

"பக்கத்து ரூம்ல நிஜமாவே ஒருத்தர் கூப்பிடறாரு மேடம்."

"உட்காருங்க. பயிற்சி முடிக்காம நிஜப் பெரியவர்கிட்ட போறது ஆபத்து."

"போன வாரம் வரைக்கும் நான்தானே ஊட்டினேன்?"

"அதை நினைச்சாத்தான் எனக்குக் குலை நடுங்குது," என்றார்.

உட்கார்ந்தேன். தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. மத்தியானம்வரை நாற்காலிக்கு ஊட்டினேன். நாற்காலி ஒரு பருக்கை சிந்தவில்லை. கடைசியில் மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தால், எனக்கு எகிறிப் போய் நிற்கிறது. மலர்ச்சி மேடம் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் முன்னால் எடுத்ததைப் பின்னாலும், பின்னால் எடுத்ததை முன்னாலும் எழுதிக்கொண்டார். "இப்போ குறைஞ்சிருக்கு பாருங்க," என்றார். கம்பெனிக் கூட்டம் கை தட்டியது.

கழுத்தில் அட்டை மாட்டினார்கள். அப்பாடா என்று கண்டக்டர் அறைப் பக்கம் திரும்பினேன். "அங்க இல்ல," என்றார் நன்மை சார். "உங்களுக்குத் தெருத் தூய்மை."

"நான் கண்டக்டருக்கு ஊட்டத்தானே சார் பதிவு பண்ணினேன்?"

"ஒரே ஆள் ஒரே ஆளுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? பாசம் வந்துடும். பாசம் வந்தா நீங்க வராத நாள் அவரு வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. இதெல்லாம் தொண்டுல பெரிய இடைஞ்சல். அதனால சுழற்சி முறை."

மறுநாள் காலையில் தெருவுக்குப் போனோம். போய்ப் பார்த்தால் தெரு சுத்தமாக இருக்கிறது. துப்புரவு வேலை பார்க்கிற அம்மா விடியும்போதே பெருக்கி முடித்துவிட்டு, விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நன்மை சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. யாருக்கோ போன் செய்தார். மையத்தின் வேன் வந்தது. அதிலிருந்து காய்ந்த சருகுகளை மூட்டை மூட்டையாக இறக்கி, தெரு நெடுகக் கொட்டினார்கள்.

அந்த அம்மா ஓடிவந்தார். "நான் பெருக்கினதுல என்ன சார் குறை?"

"குறையே இல்லம்மா. அதுதான் பிரச்சனை," என்றார் நன்மை சார்.

நாங்கள் வரிசையாக நின்று பெருக்கினோம். கேமராக்காரர் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பெருக்கச் சொன்னார், முகம் தெரியணுமாம். சருகு எங்கள் தலையில், அடுத்த வீட்டு வாசலில், கேமராவில், எங்கும் பறந்தது. படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் வேனில் ஏறினார்கள். சருகை அள்ளுவது அடுத்த குழுவின் வேலையாம். அடுத்த குழு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்கெல்லாம் வேற சோலியே கிடையாதா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"இருக்கும்மா. விட மாட்டேங்கறாங்க," என்றேன். அவர் கூட நின்று நானும் சருகை அள்ளிப்போட்டுவிட்டுத்தான் வந்தேன். வேனில் ஏறவில்லை என்று அந்த வாரம் என் பேரில் ஒரு குறை எழுதினார்கள்.

இப்படியே போனது. ஒரு வாரம் சாலை முனையில் விழிப்புணர்வுப் பலகை பிடித்தேன். ஒரு வாரம் போன மாதம் நட்ட செடியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் வேறு செடி நட்டேன். கண்டக்டரைப் பார்க்க விடவே இல்லை. ஒரு நாள் வாட்ச்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பக்கத்தில் ஆயாவும் நின்றாள். முன்பு நிறைய ஆயாக்கள் இருந்தார்கள். தன்னார்வலர்கள் வந்த பிறகு சம்பள ஆள் எதற்கு என்று நிறுத்தி, இப்போது இவள் ஒருத்திதான்.

"கண்டக்டரு நல்லா இல்லண்ணே," என்றார் வாட்ச்மேன்.

"ஏன்? ஊட்டறதுக்குத்தான் வண்டி வண்டியா ஆளு வருதே?"

"அதுதாண்ணே வினை," என்றாள் ஆயா. "அவரு கட்டில் ஜன்னலோரமா இருக்கா, வெளிச்சம் நல்லா விழுதாம். வர்ற குழு எல்லாம் அவருக்குத்தான் ஊட்டுது. காலையில டிபன் முடிஞ்சதும் ஒரு குழு, அது போனதும் இன்னொண்ணு. மத்தியானத்துக்குள்ள மனுஷன் நாலஞ்சு தடவை சாப்பிட்டாகணும். அவரு ஒரு தட்டு தட்டறாரு, நிறுத்துன்னு. இதுங்களுக்கு என்ன தெரியும்? தாளம் போடறாரு, சந்தோஷமா இருக்காருன்னு இன்னும் ரெண்டு வாய் திணிக்குதுங்க. மூலையில படுத்திருக்கறவங்க பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கறதில்ல, அங்க இருட்டு."

"சாயந்திரம்?"

"சாயந்திரம் ஒரு குழுவும் கிடையாது. வெளிச்சம் போயிடுது, படம் சரியா வராதாம். நான் ஒருத்தி எத்தனை பேருக்கு ஊட்டுவேன்? முந்தாநாள் புரை ஏறி மூச்சே நின்னுடும் போல ஆச்சு. இப்ப யாரு ஸ்பூனை நீட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கறாரு. மூக்குல குழாய் போட்டுடலாம்ங்கறாரு டாக்டரு. குழாய் போட்டா பின்கட்டுக்கு மாத்திடுவாங்க. பின்கட்டுக்குப் போனவங்க யாரும் திரும்ப முன்பக்கம் வந்து நான் பார்த்ததில்லண்ணே."

நேரே நன்மை சாரிடம் போய், சாயந்திரம் மட்டும் நான் ஊட்டுகிறேன், அட்டை வேண்டாம், படம் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"படம் இல்லாம ஊட்டினா நீங்க ஊட்டினதா எப்படித் தெரியும்?"

"அவருக்குத் தெரியும் சார். வயிறு நிறையுமே."

"அவருக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"அப்போ நான் விலகிக்கறேன் சார்."

"விலகறதா? அப்படி இஷ்டத்துக்கெல்லாம் விலக முடியாது. இது தன்னார்வம்." அந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். எடுத்து மறுபடி என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

வாசலில் வாட்ச்மேன்தான் வழி சொன்னார். "அண்ணே, சாயந்திரம் உறவுக்காரங்க பார்க்கற நேரம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு அட்டையும் வேணாம், பயிற்சியும் வேணாம். எழுதி வச்சிருக்காங்களே தவிர ஒரு நாளும் யாரும் வந்ததில்ல. கேட்டா என்ன உறவுன்னு மட்டும் சொல்லணும்."

"என்னன்னு சொல்றது?"

"எதையாவது சொல்லுங்க. எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை."

"தம்பி," என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

கண்டக்டர் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் இருக்காதா பின்னே? சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனவன் நான். காலி நாற்காலிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவாரா? கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கஞ்சி ஆறிப்போயே விட்டது. அப்புறம் சுவரைப் பார்த்தபடியே கம்பியில் தட்டினார். இரண்டு தட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அவர்களுடைய நன்மைகளில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து காலையில் தன்னார்வலன், சாயங்காலத்தில் தம்பி. காலையில் வருகிற குழுக்களுக்கு வாய் திறக்கக் கூடாது என்று கண்டக்டர் முடிவு செய்துவிட்டார். சாயங்காலம் எனக்கு மட்டும் திறந்தார். உடம்பு கொஞ்சம் தேறியது. குழாய்ப் பேச்சு நின்றது. வாட்ச்மேனையும் ஆயாவையும் தவிர யாருக்கும் தெரியாது. இப்படியே ஓடிவிடும் என்று நினைத்தேன். ஆனால் பயன் விழா வந்துவிட்டது.

பயன் விழா என்பது தொண்டு செய்தவர்கள் அடைந்த பயன்களைக் கொண்டாடுகிற விழா. பெரிய கம்பெனியின் தலைவர் சிறப்பு விருந்தினர். எனக்கு ஒரு கோப்பை கொடுப்பதாக இருந்தார்கள். மையத்திலேயே அதிகமாக ரத்த அழுத்தம் குறைந்தவன் நான்தானாம். மேடையில் ஓர் ஓரத்தில் என்னை உட்கார வைத்தார்கள். நடுவில் சக்கர நாற்காலியில் கண்டக்டர், புதுச் சட்டையோடு. விருந்தினர் அவருக்கு ஒரு வாய் ஊட்ட, விழா தொடங்கணும்.

நன்மை சார் மைக்கைப் பிடித்தார். "நம்ம மையம் வந்த பிறகு தொண்டு செய்யறவங்க எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க. நம்பிக்கை கூடியிருக்கு. நண்பர்கள் கிடைச்சிருக்காங்க. வேலையில பதவி உயர்வுகூடக் கிடைச்சிருக்கு. ஆதரவற்ற முதியோர் இன்னும் கொஞ்சம் பேர் கிடைச்சா இந்த நன்மைகளை ஊர் முழுக்கப் பரப்பலாம். ஆதரவற்றவங்க குறைஞ்சுக்கிட்டே போறது நமக்குப் பெரிய சவாலா இருக்கு. ஆனாலும் மனம் தளர மாட்டோம்!"

பலத்த கைதட்டல். விருந்தினர் ஸ்பூனை நீட்டினார், இடது பக்கமாக. கண்டக்டர் நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினார். விருந்தினர் சிரித்துக்கொண்டே உதட்டுக்குள் திணித்தார். கண்டக்டர் மறுபடி ஒரு தட்டு. கேமராக்காரர், "இன்னொரு வாய் சார்," என்றார். இன்னொரு வாய் போனது. அடுத்த நொடி மொத்தமும் விருந்தினரின் வெள்ளைச் சட்டையில் இருந்தது.

கண்டக்டருக்குப் புரை ஏறிவிட்டது. கண் பிதுங்குகிறது. எல்லோரும் துண்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள், விருந்தினரின் சட்டையைத் துடைக்க. நான் பாய்ந்து போய்க் கண்டக்டரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினேன். வாயைத் துடைத்து, மூச்சு சீராகும்வரை பிடித்துக்கொண்டேன். பிறகு வலப்பக்கமாகக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். அவர் இரண்டு தட்டு தட்டினார். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன்.

"நீங்க எப்படி இவருக்கு ஊட்டலாம்? உங்க சுழற்சி பலகை பிடிக்கறதுதானே?" என்றார் நன்மை சார். மைக் அவர் கையிலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு உதவி செய்வதாக நினைத்து வாட்ச்மேன் கீழேயிருந்து கத்தினார்: "அவரு தம்பி சார்! தினமும் சாயந்திரம் வர்றாரு!"

நன்மை சார் என்னைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார். மைக்கைக் கண்டக்டர் வாய்க்கு நேரே நீட்டினார். "பெரியவரே, இவரு உங்களுக்கு யாரு?"

அந்த மனிதர் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளித் தள்ளிச் சொன்னார்.

"தம்பி. நேத்து... லேட்டு. என்னான்னு கேளுங்க."

நேற்று உண்மையிலேயே நான் தாமதம்தான், ஒரு பிரிட்ஜ் படுத்திவிட்டது. நன்மை சார் உடனே சுதாரித்துக்கொண்டார். "பார்த்தீங்களா! பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேர்ந்திருக்கு! இதை விடப் பெரிய சமூக நன்மை உண்டா?" என்று முழங்கினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. சட்டையைத் துடைத்துக்கொண்டே விருந்தினரும் தட்டினார். எங்கள் இருவரையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் காப்பகத்து மேலாளர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "இங்க ஆதரவில்லாதவங்களுக்கு மட்டும்தான் இடம். தம்பி இருக்காருன்னு மைக்லயே சொல்லிட்டாங்க, நாளைக்குப் பேப்பர்ல வேற வரும். தம்பின்னா நீங்க கூட்டிக்கிட்டுப் போயிடணும். தம்பி இல்லேன்னா சொல்லிடுங்க. அவரு இங்கயே இருக்கட்டும், ஆனா அப்புறம் உங்களை உள்ள விட முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். வீட்டில் மச்சான் படுக்கிற இடம் ஞாபகம் வந்தது. தையல் மெஷின் ஞாபகம் வந்தது. வாயை இறுக்கி மூடுகிற கண்டக்டரும், மூக்குக் குழாயும், பின்கட்டும் ஞாபகம் வந்தன. அவரைப் பார்த்தேன். மேலாளர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. கை நாற்காலிக் கையில் கிடந்தது, ஒரு தட்டும் தட்டவில்லை. என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிதாங்க," என்றேன்.

உறவினர் தொண்டு செய்வது விதிப்படி தொண்டு ஆகாது என்று, என் கழுத்திலிருந்த அட்டையை அங்கேயே கழற்றிக்கொண்டார்கள். கோப்பையையும் கொடுக்கவில்லை. அடுத்ததாக ரத்த அழுத்தம் குறைந்தவர் அதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஆட்டோவிலிருந்து கண்டக்டரை நானும் வாட்ச்மேனும் தூக்கி இறக்கினோம். என் வீட்டுக்காரி வாசலில் நின்றாள். கையில் தையல் ஊசி, வாயில் நூல். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நூலைத் துப்பினாள்.

"அன்னைக்கே கேட்டேன், கூடப் பொறந்தவரான்னு. ஆமான்னு சொல்லித் தொலைச்சிருந்தா அப்பவே இடம் ஒழிச்சு வச்சிருப்பேன்ல?" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "வாங்க மாமா. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள்.

சுலபமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முதுகு வலிக்கிறது. அவளுக்கும் வலிக்கிறது, அதைச் சொல்லிக்காட்டவும் செய்கிறாள். வெளியே எங்கும் சேர்ந்து போக முடிவதில்லை. மச்சானிடமிருந்த கட்டிலைக் கண்டக்டருக்குக் கொடுத்தோம், இரும்புக் கட்டில், தட்டுவதற்கு வசதி. மச்சான் பகலில் படுத்துத் தூங்கினால் நிறுத்தாமல் கம்பியைத் தட்டி எழுப்பினார். அந்த வாரமே மச்சான் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். நன்மை என்று சொன்னால் இது ஒன்றைச் சொல்லலாம்.

நேற்று சாயங்காலம் கிண்ணத்தோடு உட்காரும்போது போன் வந்தது. மையத்திலிருந்து, குரலிலேயே முகம் மலர்ந்த ஒரு பெண்.

"வணக்கம் சார். எங்ககிட்ட தொண்டு செஞ்சதால நீங்க அடைஞ்ச பயன்கள் பத்திச் சில கேள்விங்க. மனநிறைவு அதிகம், ரொம்ப அதிகம், மிக மிக அதிகம், இதுல எது சார்?"

"கஷ்டமா இருக்குன்னு ஒண்ணு இல்லையாம்மா?"

"அப்படி ஒண்ணு இங்க இல்லையே சார். தனிமை குறைஞ்சுதா?"

உள்ளே கட்டில் கம்பியில் இரண்டு தட்டு.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

மறுபடி இரண்டு தட்டு, இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக.

"போனை வைம்மா," என்றேன். "எங்க அண்ணன் ரைட் கொடுத்துட்டாரு. வண்டியை எடுக்கணும்."